எங்கே மிஸ்ஸிங்?

பொங்கலுக்குப் பிறகு பத்து நாளாக எதுவும் எழுதவில்லை. போன் செய்து விசாரித்தவர்களுக்கு நன்றி. உடம்புக்கு ஒன்றுமில்லை. கோவையிலிருந்து தங்கை மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். அவனோடு கோளாறான ஒரு காரும் வந்தது. அந்தக் கதையைத்தான் இன்று எழுதப் போகிறேன். கூடவே, முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த என் கதையும் ஒன்று வரும்.

புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் அரசுப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன். வாழ்நாள் முழுக்க டீசல் எஞ்சினோடுதான் குப்பை கொட்டினேன். பெட்ரோல் கார், அதிலும் கம்ப்யூட்டர் வைத்த டர்போ கார், என் பாடத்தில் இல்லை. ஆனால் எஞ்சின் எஞ்சின்தானே. காற்று, எரிபொருள், நெருப்பு மூன்றும் சரியான நேரத்தில் சேர்ந்தால் ஓடும், ஒன்று தவறினாலும் உதறும்.

போகிக்கு முந்தின நாள் சாயங்காலம் வந்து இறங்கினான். இறங்கியதும் முதல் பேச்சே அதுதான்.

"மாமா, வண்டி ரெண்டு மாசமா உதறுது. ஊருக்குள்ள ஒண்ணும் தெரியல. பைபாஸ்ல நாலாவது கியர்ல அழுத்தினா டக் டக்னு வெட்டுது. எஞ்சின் லைட் விட்டு விட்டு எரியுது."

"யார்கிட்டயாவது காமிச்சியா?"

"மூணு இடம் பாத்தாச்சு. பிளக் மாத்தினேன். ரெண்டு காயில் மாத்தினேன். நாசில் கிளீன் பண்ணினேன். இருபதாயிரம் கிட்ட ஆயிடுச்சு. போகவே மாட்டேங்குது."

வண்டி வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. கம்பெனி பெயர் வேண்டாம். கோளாறு கம்பெனியுடையதும் இல்லை, அது போகப் போகத் தெரியும்.

போகியன்று காலை, பழைய பாய்களைக் கொளுத்திவிட்டு, வண்டியைத் திறந்தோம்.

எங்கள் காலத்தில் ஆறு சிலிண்டர் லேலண்ட் எஞ்சினில் மிஸ்ஸிங் என்றால் ஸ்கேனர் எல்லாம் கிடையாது. வண்டியை ஸ்டார்ட் செய்து, ஒவ்வொரு நாசிலுக்கும் போகும் டீசல் குழாயின் நட்டை ஸ்பேனரால் கொஞ்சம் தளர்த்துவோம். தளர்த்தியதும் எஞ்சின் சத்தம் இறங்கினால் அந்த சிலிண்டர் நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். தளர்த்தியும் சத்தம் மாறவில்லையா? அதுதான் தூங்குகிற சிலிண்டர். வேலை செய்யாதவன் லீவு போட்டால் ஆபீசில் யாருக்கும் தெரியாது அல்லவா, அதே கணக்கு.

இப்போது அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கும்போதும் கிராங்க் ஷாஃப்டுக்கு ஒரு தள்ளு கிடைக்கிறது. ஒரு வெடிப்பு தவறினால் கிராங்க் ஒரு நொடியின் சிறு பங்கு நேரம் தயங்கும். பல் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் சென்சார் அந்தத் தயக்கத்தைப் பிடித்துவிடும். எந்த சிலிண்டரின் முறை வந்தபோது தயங்கியது என்று கணக்குப் போட்டு ஒரு எண் எழுதி வைக்கும். பி 0301 என்றால் முதல் சிலிண்டர், பி 0302 என்றால் இரண்டாவது. பி 0300 என்றால் 'ஒரு இடத்தில் நிற்கவில்லை, மாறி மாறி வருகிறது' என்று பொருள். மோசமான சாலையில் சக்கரம் குதித்தாலும் கிராங்க் தயங்கும். அதையும் இதையும் பிரித்துப் பார்க்கத் தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கிறார்களாம். நம் ஊர்ச் சாலைகளுக்கு அவசியம்தான்.

அவனிடம் சின்ன ஸ்கேனர் டப்பா இருந்தது. போனில் பார்த்தால் பி 0302, பி 0300 இரண்டும் பதிவாகியிருந்தன.

முதலில் புகைக் குழாய் வாயில் ஒரு தாளைப் பிடித்தேன். இது பழைய வித்தை. ஒரே சீராகத் தாள் வெளியே தள்ளப்பட்டால் நல்லது. நடுநடுவே உள்ளே இழுத்தால் வால்வில் சந்தேகப்படலாம். தாள் சீராகத்தான் ஆடியது. ஐடிலில் எந்தக் குறையும் இல்லை.

அடுத்து, இரண்டாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டேன், அதனுடையதை இதில் போட்டேன். காயில் கெட்டிருந்தால் அடுத்த முறை பி 0303 வர வேண்டும். கோளாறு காயிலோடு கூடவே நடந்து போகும். காசில்லாத பரிசோதனை. புதுச் சாமான் வாங்கும் முன் இதைச் செய்ய வேண்டும், பலர் செய்வதில்லை.

விளமல் தாண்டி தஞ்சாவூர் சாலையில் போனோம். அழுத்தினான். வெட்டியது. லைட் விட்டு விட்டு எரிந்தது. ஓரம் கட்டிப் பார்த்தால் இப்போது பி 0304, பி 0300. காயிலோடு போகவில்லை. ஒரு சிலிண்டரிலும் நிற்கவில்லை. ஆக, குற்றவாளி ஒரு வீட்டில் இல்லை, தெரு முழுக்கப் பொதுவான ஏதோ ஒன்று. அதுவும் டர்போ முழு மூச்சில் ஊதும்போது மட்டும்.

கொரடாச்சேரி நெருங்கும்போது சாலையில் வைக்கோலைப் பரப்பிப் போட்டிருந்தார்கள். தை அறுவடை ஆயிற்றே. அவன் அதன்மேல் ஏற்றப் போனான். பின்சீட்டில் அவன் மகள், நாலு வயசு, தூங்கிக்கொண்டிருந்தாள். நான் அவன் கையைப் பிடித்துவிட்டேன்.

"நிறுத்துடா! லைட் எரிஞ்ச வண்டிய வைக்கோல்ல ஏத்தாதே."

அவனுக்குப் புரியவில்லை. எஞ்சின் லைட் நிலையாக எரிவது வேறு, விட்டு விட்டு எரிவது வேறு. விட்டு விட்டு எரிந்தால், எரியாத பெட்ரோல் புகையோடு வெளியே வருகிறது என்று அர்த்தம். அது நேராகக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். வண்டிக்கு அடியில் அந்தப் பெட்டி பழுக்கக் காய்ந்துவிடும். வைக்கோல் அடியில் சுற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டியைத் திருப்பி, மெதுவாக வீடு வந்து சேர்ந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "வண்டில வேற என்னடா மாத்தினே?"

"ஒண்ணுமில்ல மாமா. ஏர் ஃபில்டர் மட்டும்தான்."

சொன்ன விதத்தில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. கண் என்னைப் பார்க்கவில்லை, பானெட்டைப் பார்த்தது. ஆனால் அவன் மனைவி பக்கத்தில் நின்றிருந்தாள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

அன்று இரவு சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு என்ன தோன்றியதோ, அவனிடம் ஒரு பழைய கதையைச் சொன்னேன். என் மனைவிக்கும் தெரியாத கதை.

1988 வாக்கில் நான் ஒரு பணிமனையில் நைட் ஷிஃப்ட். ஒரு டிரைவர் தினம் வந்து "வண்டி இழுக்கல தம்பி, இழுக்கல" என்று புலம்புவார். நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. டீசல் பம்பில் எவ்வளவு டீசல் போக வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் ஸ்க்ரூ ஒன்று உண்டு. அதைக் கம்பி கோத்து ஈய சீல் வைத்திருப்பார்கள். பம்பு செக்‌ஷன் ஆள் தவிர யாரும் தொடக்கூடாது. நான் ராத்திரியோடு ராத்திரியாக சீலை வெட்டி, ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் திருகி, புதுக் கம்பி போட்டு சீலும் வைத்துவிட்டேன். மறுநாள் டிரைவர் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். வண்டி பறந்தது. கொஞ்சம் கறுப்புப் புகை, அவ்வளவுதான்.

மூன்று வாரத்தில் டீசல் சராசரி இறங்கியது. ஃபில்டர் மாற்றினார்கள், நாசில் மாற்றினார்கள், பிரேக் ஒட்டுகிறதா என்று பார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் நானே ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஒருநாள் ராத்திரி, பயணிகளோடு நடுவழியில் ஹெட் கேஸ்கெட் போய் வண்டி நின்றது. பம்பைக் கழற்றிப் பார்த்தபோது விஷயம் வெளியே வந்தது. பம்பு செக்‌ஷன் பிட்டர் அண்ணனுக்கு மெமோ. "நான் தொடலீங்க" என்றார். சீல் இருக்கிறதே, வேறு யார் தொட்டிருப்பார்கள் என்றார்கள். ஒரு வருஷ இன்கிரிமென்ட் போயிற்று. நான் பத்தடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதைச் சொல்லி முடித்ததும் அவன் ஒன்றும் பேசவில்லை. படுக்கப் போய்விட்டான்.

பொங்கலன்று பானை பொங்கி, குலவையிட்டு, எல்லோரும் உள்ளே போன பிறகு கொல்லைப்புறம் வந்தான்.

"மாமா, அக்டோபர்ல வண்டிக்கு ரீமேப் பண்ணினேன்."

கம்ப்யூட்டரில் இருக்கும் கம்பெனிக் கணக்கை அழித்துவிட்டு வேறு கணக்கை எழுதுவதற்குத்தான் ரீமேப் என்று பெயர். டர்போ கூடுதல் அழுத்தத்தில் ஊதும், இழுவை கூடும். முப்பத்தைந்தாயிரம் கொடுத்திருக்கிறான். வீட்டில் இன்சூரன்ஸ் என்று சொல்லியிருக்கிறான். வாரண்டி போய்விடும் என்ற பயத்தில் மெக்கானிக்குகளிடமும் சொல்லவில்லை. மூன்று பேரும் அவரவர் கண்ணில் பட்டதை மாற்றிக் காசு வாங்கியிருக்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. என்ன சாப்பிட்டோம் என்று சொல்லாமல் வயிற்றுவலிக்கு டாக்டரிடம் போனால் அவர் என்ன செய்வார்?

இந்த ஒரு வாக்கியம் கிடைத்ததும் எனக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது. காரணத்தை எளிமையாகச் சொல்கிறேன்.

பெட்ரோல் எஞ்சினில் பிளக்கின் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு சிறு இடைவெளி உண்டு. மின்சாரம் அதைத் தாண்டினால்தான் பொறி. சாதாரண நாளில் நம் கீழவீதியைப் பத்து எட்டில் கடந்துவிடலாம். ஆழித்தேர் ஓடும் நாளில் அதே வீதியைக் கடந்து பாருங்கள். வீதி அகலம் அதேதான், கூட்டம்தான் கூடிப்போயிற்று. சிலிண்டருக்குள் காற்றைக் கூடுதலாக அடைத்தால் பொறிக்கும் அதே கதி. இடைவெளியும் அழுத்தமும் கூடக் கூட, தாண்டுவதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும். ஜெர்மன் விஞ்ஞானி பாஷன் 1889-லேயே இதைக் கணக்காகச் சொல்லிவிட்டார். காயில் கொடுக்கும் வோல்டேஜுக்கு ஓர் எல்லை உண்டு. எல்லை தாண்டினால் பொறி வராது. ஐடிலில் கூட்டம் இல்லை, அதனால் உதறல் இல்லை. நாலாவது கியரில் அழுத்தினால் தேர்க்கூட்டம்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு பிளக்குகளைக் கழற்றினேன். (அலுமினிய ஹெட். சூட்டில் கழற்றினால் மரையும் சேர்ந்து வந்துவிடும்.) ஃபீலர் கேஜ் என் பழைய தகரப்பெட்டியிலேயே இருந்தது. கார் கையேட்டில் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தது. இவன் புதிதாக வாங்கிப் போட்ட விலை உயர்ந்த இரிடியம் பிளக்கில் 1.1 இருந்தது. மரை பொருந்துகிறது என்று டப்பாவிலிருந்து எடுத்து அப்படியே மாட்டியிருக்கிறார்கள். அழுத்தத்தையும் கூட்டி, இடைவெளியையும் கூட்டினால் எந்தக் காயில் தாங்கும்?

பழைய பிளக்குகள் டிக்கியில் கிடந்தன. அவை தேய்ந்து 0.9 ஆகியிருந்தன. முதலில் உதறல் ஆரம்பித்ததற்கு அதுதான் காரணம். வெளி முனையை மட்டும் மெல்லத் தட்டி 0.7-க்குக் கொண்டுவந்தேன். நடு முனை ஊசி போல இருக்கும், அதைத் தொடவே கூடாது. மாட்டுப் பொங்கலன்று காலை அதே சாலையில் போனோம். குழந்தையை வீட்டில் விட்டுவிட்டோம். உதறல் இல்லை. லைட் எரியவில்லை.

அவன் முகத்தில் சந்தோஷம். "சரியாயிடுச்சு மாமா, ரீமேப் இருக்கட்டுமே" என்றான்.

இங்கேதான் நான் அவனை உட்கார வைத்து இன்னொன்றைக் காட்டினேன். கழற்றிய பிளக்குகளில் ஒன்றின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவினாற்போல நுண்ணிய புள்ளிகள் இருந்தன. பொறி வரும் முன்போ வந்த பின்போ, தானாகவே ஓரத்தில் வெடிப்பு நடந்தால் இப்படிப் புள்ளி விழும். நாக்கிங் என்போம். அது தொடர்ந்தால் ஒருநாள் பிஸ்டனே உடையும். மிஸ்ஸிங் அவனுக்குத் தொந்தரவாகத் தெரிந்தது. உண்மையில் அது வண்டி கொடுத்த எச்சரிக்கை. பிளக்கைச் சரி செய்து எச்சரிக்கையை மட்டும் நிறுத்திவிட்டு, காரணத்தை உள்ளேயே விட்டுவிடக்கூடாது.

டர்போவுக்கு இந்தச் சரித்திரம் புதிதில்லை. 1962-ல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்று ஒரு டர்போ பெட்ரோல் கார் வந்தது. நாக்கிங் வராமலிருக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். வாங்கியவர்கள் பலர் ஊற்ற மறந்தார்கள். கடைசியில் பல வண்டிகளில் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் போட்டுக் கொடுத்தார்கள். கம்பெனிக்காரன் பயந்து பயந்து வைத்திருக்கும் அந்தக் கொஞ்சம் இடைவெளி சும்மா வைத்ததில்லை. நம் வெயிலுக்கும், எங்கோ ஓரிடத்தில் போடும் சுமாரான பெட்ரோலுக்கும் சேர்த்து வைத்தது.

சட்டமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். வேகம் வேண்டுமென்றால் அதற்கு இடம் இருக்கிறது. அவன் இருக்கும் கோவையிலேயே, செட்டிபாளையத்தில், பந்தயக் கார்களைத் தானே கட்டி ஓட்டிய கரிவர்தன் பெயரில் பந்தயத் திடல் உண்டு.

"மாமா, நம்ம ஆழித்தேரையே மாத்தித்தானே வெச்சிருக்காங்க" என்று மடக்கினான்.

"ஆமாண்டா. 96 அடித் தேருக்குத் திருச்சி பெல்லுல சொல்லி என்ன மாட்டினாங்க? ஹைட்ராலிக் பிரேக்கு. நீ எதுக்குக் காசு குடுத்தே?"

சிரித்துவிட்டான்.

காணும் பொங்கலன்று மத்தியானம் கிளம்பினார்கள். போகும் முன் அவன் மனைவியிடம் சொல்லிவிட்டான் போலிருக்கிறது. உள்ளே கொஞ்ச நேரம் குரல் உயர்ந்தது, பிறகு அடங்கியது. கோவை போய்ப் பழைய கம்பெனிக் கணக்கையே திரும்ப எழுத வைத்து, கையேட்டில் உள்ள பிளக்கையே வாங்கிப் போட்டுவிட்டு, போன வாரம் போன் செய்தான். "முன்ன மாதிரிதான் ஓடுது மாமா. பறக்கல." குரலில் லேசான வருத்தம். பரவாயில்லை.

அவர்கள் கிளம்பிய மறுநாள் நான் குடவாசல் பஸ் ஏறினேன். அந்தப் பிட்டர் அண்ணன் அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மகனோடு இருக்கிறார். எண்பத்துநாலு வயசு. காது மந்தம், கண் பரவாயில்லை. காப்பி கொடுத்தார்கள். மருமகள் உள்ளே போனதும் சொல்லிவிட்டேன். சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

"அண்ணே, அந்தப் பம்பு சீலை வெட்டினது நான்தாண்ணே."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"தெரியுமேப்பா" என்றார். "கம்பிய எல்லாரும் வலப்பக்கம் முறுக்குவான். அது இடப்பக்கம் முறுக்கியிருந்துச்சு. பணிமனைல நொட்டாங்கைக்காரன் நீ ஒருத்தன்தானே."

எனக்குப் பேச்சு வரவில்லை. அப்புறம் கேட்டேன், ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று.

"நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன்" என்றார். "கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

ஒரு வருஷ இன்கிரிமென்ட் என்றால் அது அவர் பென்ஷன் வரைக்கும் தொட்டிருக்கும். அதை நான் எப்படித் திருப்பிக் கொடுப்பது? கேட்டதற்கு, "வந்தியே, அடிக்கடி வா, பேச ஆளில்ல" என்று மட்டும் சொன்னார். மாதம் ஒருமுறை போவதாகச் சொல்லியிருக்கிறேன். அடுத்த முறை போகும்போது அவருக்குப் பிடித்த மன்னார்குடி பஸ் ஸ்டாண்ட் கதைகளைக் கேட்டு வந்து இங்கே எழுதுகிறேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இப்படி வண்டியை மாற்றி வைத்திருந்தால், திட்டாமல் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். எஞ்சின் லைட் விட்டு விட்டு எரிந்தால் வைக்கோல் பக்கம் மட்டும் போக வேண்டாம் என்று சொல்லுங்கள்.